பதின்மூன்றாவது வரி

அண்ணன் மகள் மியூனிக்கிலிருந்து வந்து இறங்கிய அன்று குன்னூரில் நல்ல மழை. நனைந்த பெட்டியைத் துடைத்துத் திறந்து, ஒவ்வொருவருக்கும் ஒன்றாக எடுத்து வைத்தாள். அவள் அப்பாவுக்குக் கம்பளித் தொப்பி, என் கணவருக்குச் சாக்லேட். எனக்கு ஒரு சின்ன உறை. "அத்தை, இது உங்களுக்கென்றே வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பாருங்கள்" என்றாள்.

மூடிக்கொண்டேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாளின் ஓரத்தைப் பிடித்தவுடனே தெரிந்துவிட்டது: பணம். அதுவும் சலவை நோட்டு. பருத்தியில் செய்த தாளுக்கு ஒரு முறுக்கு உண்டு. வெறும் காகிதத்துக்கு அது வராது. காதருகே வைத்துச் சுண்டினேன். சொல்ல வேண்டிய ஒலியைச் சொன்னது. 35 ஆண்டுகள் வங்கியில் காசாளராக இருந்த விரல்கள் இதில் ஏமாறாது.

கண்ணைத் திறந்தால் ஊதா நிறம். ஒரு மலை முகடு. மூலையில் ஓர் எண். அந்த எண் 0.

"என்ன கண்ணு, அச்சுப் பிழையா?"

"பிழை இல்லை அத்தை. பூஜ்யம் யூரோ நோட்டு. மூன்று யூரோ கொடுத்து வாங்கினேன்."

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நீர்க்குறி இருக்கிறது. பாதுகாப்பு இழை இருக்கிறது. சாய்த்தால் நிறம் மாறும் ஹாலோகிராம் இருக்கிறது. தொடர் எண்கூட இருக்கிறது, ஜெர்மனிக்குரிய எழுத்தோடு. எல்லாம் இருந்தும் அதைக் கொண்டு ஒரு மிட்டாய்கூட வாங்க முடியாது. அவர்கள் ஊரின் நினைவுப்பொருள் அது. சுற்றுலா போகிறவர்கள் அந்தந்த இடத்தில் வாங்கிச் சேர்த்து வைக்கிறார்களாம்.

படத்தில் இருப்பது சுக்ஸ்பிட்ஸே என்ற மலை. ஜெர்மனியிலேயே உயரமானது, 2962 மீட்டர். எங்கள் தொட்டபெட்டா 2637. வித்தியாசம் வெறும் 325 மீட்டர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு அந்த மலைமீது ஒரு சொந்தம் வந்துவிட்டது. அங்கேயும் பல்சக்கர ரயில் ஓடுகிறதாம், 1930-இலிருந்து. எங்களுடையது அதற்கு மூத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலேயே ரயில் வந்துவிட்டது, 1908-இல் ஊட்டியைத் தொட்டது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மழைச் சத்தம் ஒரு காரணம். இன்னொன்று, நான் ஒரு நோட்டின் படத்தை இவ்வளவு நேரம் பார்த்தது அதுவே முதல் முறை என்பது.

1984-இல் கோத்தகிரியில் ஒரு கிளையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே தலைமைக் காசாளர் எனக்குச் சொன்ன பாடம் ஒன்றுதான்: "நோட்டைப் பார்க்காதே அம்மா, எண்ணு. பார்த்தால் எண்ணிக்கை தவறும்." கண் எதிரே இருப்பவர் முகத்தில் இருக்க வேண்டும், விரல் நோட்டில் இருக்க வேண்டும், எண் மனதுக்குள் ஓட வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகப் பழக எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. பழகிய பிறகு நோட்டில் இருக்கும் படம் என் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. நிறம் தெரியும், அளவு தெரியும், அழுக்கு தெரியும், கிழிசல் தெரியும். படம் தெரியாது.

மலை ஊரில் நோட்டு எண்ணுவது சமவெளியில் எண்ணுவதைப் போன்றதல்ல. ஆனி, ஆடி மாதங்களில் பனிமூட்டம் கவுண்டருக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். நோட்டுகள் ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பாஞ்சுக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றும் வேலையே இருக்காது. இரண்டு நோட்டு ஒன்றாக நகர்ந்துவிடும் என்ற பயத்தில் ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்துப் பிரிக்க வேண்டும். அந்த நாட்களில் கட்டுகளில் கம்பிப் பின் வேறு அடித்திருப்பார்கள். 2001-இல் ரிசர்வ் வங்கி பின் அடிக்கக் கூடாது என்று உத்தரவிடும்வரை, என் இடது கட்டைவிரலில் எப்போதும் இரண்டு மூன்று புள்ளிகள் சிவந்திருக்கும்.

எஸ்டேட் சம்பள நாளுக்கு முந்தைய நாள்தான் உச்சம். ஜீப்பில் தகரப் பெட்டியோடு கணக்குப்பிள்ளை வந்து நிற்பார். அவருக்குப் பெரிய நோட்டு ஆகாது. கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கைக்குக் கை எண்ணிக் கொடுக்க வேண்டும் என்பதால் பத்தும் ஐந்தும் இரண்டுமாகக் கேட்பார். கட்டுக்கு நூறு நோட்டு. நூறு நூறாக நான் எண்ணி வைக்க, அவர் எதிரே நின்று மறுபடியும் எண்ணுவார். எனக்கு அதில் கோபம் வந்ததே இல்லை. அது யாருடைய பணம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த இரண்டு ரூபாய் நோட்டில் புலி இருந்தது என்பதை, அது புழக்கத்திலிருந்து மறைந்து பல ஆண்டுகள் கழித்து, என் பழைய கைப்பையின் உள்பையில் ஒன்று கிடைத்தபோதுதான் கவனித்தேன். எத்தனை ஆயிரம் புலிகளை எண்ணி அந்தத் தகரப் பெட்டிக்குள் போட்டேனோ.

ஓய்வு பெற்ற பிறகு அந்தமான் போயிருந்தோம். போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில், மவுண்ட் ஹாரியட் என்று அப்போது எல்லோரும் சொன்ன குன்றின் பாதையில், வழிகாட்டி வண்டியை நிறுத்திச் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினார். தென்னைகள், கடல், தூரத்தில் கலங்கரை விளக்கம். நிமிர்ந்து பார்த்தால் எதிரே அதே மரங்கள், அதே கடல், அதே கலங்கரை விளக்கம். வேனில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் அழுதுவிட்டேன். என் கணவர் பதறிப்போனார். என்னவென்று சொல்வது? இந்த இடத்தை நான் எத்தனை லட்சம் முறை விரலால் தள்ளியிருக்கிறேன், இப்படி ஓர் இடம் இருக்கிறது என்றே தெரியாமல்.

அதற்குப் பிறகு நோட்டுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். சேகரிப்பாளர் என்று என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். விலை கொடுத்து வாங்குவது கிடையாது. கைக்கு வருவதில் நல்லதாக ஒன்றை எடுத்து வைப்பேன். 1996-இல் வந்த பத்து ரூபாயில் காண்டாமிருகம், யானை, புலி மூன்றும் முகம் காட்டுகின்றன. இவற்றில் இரண்டு எங்கள் முதுமலையில் உண்டு. அதே வரிசையின் நூறு ரூபாயில் கஞ்சன்ஜங்கா. 2016 நவம்பரிலிருந்து வந்தவற்றில் விலங்குகள் போய்ச் சின்னங்கள் வந்துவிட்டன: பத்தில் கொனார்க் சூரியக் கோயில், இருபதில் எல்லோரா, ஐம்பதில் ஹம்பியின் கல் தேர், நூறில் குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணறு, இருநூறில் சாஞ்சி, ஐந்நூறில் செங்கோட்டை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் ஒரு காலம் இருந்தது. 1954-இல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டின் பின்பக்கம் அதுதான். 1978 ஜனவரியில் உயர் மதிப்பு நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அதுவும் போயிற்று. கோவையில் நாணயக் கண்காட்சி ஒன்றில் கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்த்தேன். தொட முடியவில்லை. காசாளருக்குத் தொடாமல் பார்ப்பது பாதிப் பார்வைதான்.

அடுத்த ஆயிரம் ரூபாய் செல்லாமல் போன 2016 நவம்பரில் நான் கவுண்டரிலேயே இருந்தேன். ஒரு மூதாட்டி, தலையில் வெள்ளைத் துணி கட்டிய, எங்கள் மலையின் படகர் இனப் பெண்மணி, மூன்று மணி நேரம் வரிசையில் நின்று வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து எட்டாக மடித்த நோட்டுகளை வைத்தார். ஒவ்வொன்றையும் பிரித்து நீவினேன். நோட்டெல்லாம் விறகடுப்புப் புகை வாசம். உரலுக்கு மேலே கூரையில் செருகி வைத்திருந்தாராம். எண்ணி முடித்து ரசீது கொடுக்கும்வரை அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நோட்டின் பின்பக்கம் எண்ணெய்த் துரப்பண மேடை, உருக்காலை, கணினி முன் ஒரு பெண் என்று இந்தியாவின் பொருளாதாரமே வரையப்பட்டிருந்தது. எனக்கு இன்றும் அந்த நோட்டு என்றால் புகை வாசம்தான்.

மறுநாள் காலையில் அண்ணன் மகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டேன். இந்தப் பூஜ்யம் யூரோ யோசனை பிரான்ஸ் நாட்டுக்காரர் ரிச்சர்ட் ஃபாய் என்பவருடையது. 2015-இல் தொடங்கினார். நிஜப் பணம் அச்சிடும் அச்சகத்திலேயே, நிஜப் பணத்துக்குரிய தாளிலேயே அடிக்கிறார்கள். ஒரு பக்கம் எல்லா நோட்டுக்கும் பொது: ஐஃபல் கோபுரம், ரோமின் கொலோசியம், பெர்லினின் பிராண்டன்பர்க் வாயில் எல்லாம் சேர்ந்திருக்கும். மறுபக்கம் அந்தந்த ஊருக்கு. கோட்டை, குகை, ஏரி, மலை, விலங்குக்காட்சிச் சாலை, எது அந்த ஊரின் பெருமையோ அது. 2018-இல் கார்ல் மார்க்ஸின் 200-ஆவது பிறந்தநாளுக்கு அவர் பிறந்த டிரியர் நகரம் அவர் முகம் போட்ட நோட்டை 3 யூரோவுக்கு விற்றது. முதலில் அடித்த 5000-மும் விற்றுப்போய், மேலும் 20,000 அடித்தார்களாம்.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. நிஜ யூரோ நோட்டுகளில் பாலங்கள் இருக்கின்றன அல்லவா, அவை எங்குமே இல்லாத பாலங்கள். எந்த நாட்டுப் பாலத்தைப் போட்டாலும் மற்ற நாடு வருத்தப்படும் என்று ராபர்ட் கலினா என்ற ஆஸ்திரிய வடிவமைப்பாளர் பொதுப்படையான கற்பனைப் பாலங்களாக வரைந்தார். பிறகு நெதர்லாந்தில் ஸ்பைக்கனிசே என்ற ஊர் அந்தப் படங்களைப் பார்த்து ஏழு பாலங்களையும் நிஜமாகவே கட்டிக்கொண்டது. செல்லும் நோட்டில் இல்லாத பாலம், செல்லாத நோட்டில் இருக்கும் மலை. என் தட்டில் இட்லி ஆறிப்போகும்வரை இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்டில் இது புதிதும் இல்லை. முதல் உலகப் போரின்போதும் அதன் பிறகும் ஜெர்மனியில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தது. சின்னச் சின்ன ஊர்கள்கூடத் தங்கள் சொந்தக் காகிதப் பணத்தை அச்சிட்டுக்கொண்டன. நோட்கெல்ட், அதாவது அவசரப் பணம் என்று அதற்குப் பெயர். ஊரின் மணிக்கூண்டு, ஊர்க் கதையில் வரும் பூதம், ஊர் விளைச்சல் எல்லாம் அதில் ஏறின. அழகாக இருந்ததால் மக்கள் செலவழிக்காமல் சேர்த்து வைக்க ஆரம்பித்தார்கள். திரும்பி வராத நோட்டால் ஊராட்சிக்கு லாபம். அதைப் பார்த்துச் சேகரிப்பாளர்களுக்கென்றே வண்ண வண்ணமாக அடித்த ஊர்களும் உண்டு. பணமில்லாத காலத்தில் ஒவ்வோர் ஊரும் தன் முகத்தை ஒரு துண்டுத் தாளில் வரைந்து பார்த்திருக்கிறது.

நம் பக்கமும் ஒரு பூஜ்யம் உண்டு. சென்னையிலிருந்து இயங்கும் ஐந்தாவது தூண் அமைப்பு 2007-இல் பூஜ்யம் ரூபாய் நோட்டை வெளியிட்டது. லஞ்சம் கேட்பவர் கையில் கொடுப்பதற்காக. அதன் நோக்கம் மிகப் பெரியது. நினைவுப்பொருளோடு அதை ஒப்பிடக் கூடாது. ஆனாலும் பூஜ்யம் என்று எழுதிய தாளுக்கும் செய்ய ஒரு வேலை உண்டு என்பதை நான் முதலில் கண்டது அதில்தான்.

அன்று மாலை, "நம் நீலகிரிக்கு இப்படி ஒரு நோட்டு அடித்தால் அதில் என்ன படம் போடுவது?" என்று கேட்டேன். கேட்டது நான்தான். அந்தக் கேள்வி இரவு பத்து மணிவரை எங்களைத் தூங்க விடவில்லை.

அண்ணன் யோசிக்கவே இல்லை. "ரயில்தான் அம்மிணி, வேறென்ன?" ரயில்வேயில் வேலை பார்த்தவர் அவர். 46 கிலோமீட்டர், 16 குகைகள், 208 வளைவுகள், 250 பாலங்கள் என்று விரல் மடக்கினார். தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறுகிறது. கல்லாறிலிருந்து குன்னூர்வரை பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றம். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. "இதைவிட என்ன வேண்டும்?"

அண்ணன் மகளுக்கு வரையாடு. மாநில விலங்கு, முக்குருத்தியில் செங்குத்துப் பாறையில் அது நிற்கும் நிலையே நோட்டுக்கென்று நின்றது போல இருக்கும் என்றாள். 2024-இல் எடுத்த கணக்கில் தமிழ்நாடு முழுவதற்கும் 1031 வரையாடுகள்தான். என் கணவர் தேயிலை என்றார். தேயிலை இல்லாமல் குன்னூரில் யார் வீட்டில் அடுப்பு எரிந்தது என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் எண்ணிக் கொடுத்த பணமெல்லாம் தேயிலைப் பணம்.

ஆனாலும் எனக்குச் சம்மதமில்லை. தேயிலை இங்கே வந்து இருநூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. சீகை என்று நாங்கள் சொல்லும் வாட்டில் மரமும், கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸும் அப்படித்தான், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. மலையின் முகம் என்று கேட்டால் நான் சோலையைத்தான் சொல்வேன். உருண்டு கிடக்கும் புல்வெளி. இரண்டு குன்றுகள் சேரும் மடிப்பில் மட்டும், கை வைத்து அழுத்தினாற்போல, கருமையான குட்டைக் காடு. அதன் அடியிலிருந்து கசியும் நீர். மழையைப் புல் வாங்கி வைத்துக்கொள்கிறது, சோலை மெல்ல மெல்ல விடுகிறது. அந்தக் கசிவுதான் பைக்காராவாகவும் மோயாறாகவும் பவானிக்குப் போய்ச் சேருகிறது. ஈரோட்டில் விளையும் மஞ்சளுக்கும் இங்கிருந்துதான் தண்ணீர். நான் சிறுமியாக இருந்தபோது அவலாஞ்சிப் பக்கம் அப்பா கூட்டிப்போனார். குளிர் முடியும் பருவம். காட்டுப்பூவரசு பூத்திருந்தது. பனிக்குள் இரத்தச் சிவப்பாக ஒரே ஒரு மரம், தண்டெல்லாம் பாசி. அப்பா குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், கோயிலுக்குள் பேசுவது போல. அந்த மரம் நோட்டில் வர வேண்டும்.

"சோலையைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கினால் வெறும் கறுப்புத் திட்டாகத் தெரியும் அத்தை" என்றாள் அண்ணன் மகள். அவள் சொன்னது சரி. குறிஞ்சி தப்பித்தது, பூ என்பதால். 2006-இல் அது பூத்தபோது 15 ரூபாய்த் தபால்தலையே வந்தது. காட்டைச் சின்னதாக வரைவது கடினம்.

ஆனால் ஓரத்துக்கு என்ன வரைவது என்பதில் யாரும் சண்டை போடவில்லை. நோட்டு என்றால் ஓரத்தில் நெளிநெளியாக நுண்கோட்டுப் பின்னல் இருக்கும், கள்ள நோட்டு அடிப்பவனால் எளிதில் வரைய முடியாதபடி. அந்த இடத்துக்கு எங்கள் மலையின் தோடர் பழங்குடியினர் துணியில் தைக்கும் பூவேலைப்பாடு. சொன்னவுடன் நான்கு பேரும் தலையாட்டினோம்.

என்னிடம் ஒரு பூத்துக்குளி, அதாவது தோடர் பூவேலைச் சால்வை இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்து மந்து (தோடர் குடியிருப்பு) ஒன்றில் தைத்தவரிடமே வாங்கியது. அன்றிரவு அதை எடுத்து விளக்கடியில் விரித்தேன். மொரமொரப்பான வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பும் கறுப்புமாக நூல். வரைந்துகொண்டு தைப்பதில்லை, சட்டத்தில் மாட்டுவதும் இல்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணித்தான் ஊசி போகிறது. எத்தனை இழை விட்டு எத்தனை இழை எடுப்பது என்ற கணக்கு பிசகினால் கோலமே சாய்ந்துவிடும். துணியின் பின்பக்கத்திலிருந்து தைக்கிறார்கள். நூல் முனைகள் புடைத்து நிற்கும் பக்கமே அவர்களுக்கு நல்ல பக்கம். மறுபக்கமும் அதே சுத்தம். நான் வாங்கிய அன்று அந்த அம்மாள் என்னோடு பேசிக்கொண்டே, வாசலைப் பார்த்துக்கொண்டே தைத்தார். உதடு மட்டும் மெல்ல அசைந்தது. எனக்கு அந்த உதட்டசைவு தெரியும். 35 ஆண்டுகள் என் உதடும் அப்படித்தான் அசைந்தது. 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது என் வீட்டில் விசேஷம் நடந்தது போல மகிழ்ந்தேன்.

ஒரு தாளில் பென்சிலால் வரைய ஆரம்பித்தோம். அண்ணன் மகள் கைக்கு ஓவியம் வரும். இடது பக்கம் புல்வெளி மடிப்பும் சோலையும், முன்னால் காட்டுப்பூவரசு. அதன் கிளைக்குப் பின்னால் தூரத்தில் ஒரு வரையாடு. அண்ணனின் வற்புறுத்தலுக்காகக் கீழ் மூலையில் பல்சக்கரத்தின் ஒரு கால்வட்டம். தேயிலையை என் கணவர் விட்டுக்கொடுத்தார். நீர்க்குறியாகக் கொழுந்து பறிக்கும் கை, இரண்டு இலையும் ஒரு மொட்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மட்டும் தெரிவது. அந்த யோசனை அவருடையதுதான், இருப்பதிலேயே சிறந்ததும் அதுதான்.

அச்சிடும் பேச்சு வந்தபோது மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். ரூபாய் நோட்டைப் போலத் தோன்றும் தாளை நினைத்தபடி அடிக்க நம் சட்டம் இடம் தராது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 489-இ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 182-ஆம் பிரிவு. காந்தி படமோ, அசோகர் தூணோ, ரூபாய்க் குறியோ அதில் வரக் கூடாது. அரசே முன்வந்து, பணத்தாள் அச்சகத்திலேயே அடித்து, குன்னூர் ரயில் நிலையத்திலும் ஊட்டி தாவரவியல் பூங்கா வாசலிலும் விற்றால் எவ்வளவு நன்றாக இருக்கும். மே மாத மலர்க் கண்காட்சிக்கு வரும் கூட்டம் இப்போது ஊருக்கு எடுத்துப்போவது வர்க்கியும் தைலமும். அதோடு இதையும் ஒன்று எடுத்துப்போகட்டும். அந்தப் பணத்தில் புல்வெளியிலிருந்து சீகையையும் உண்ணிச்செடியையும் பிடுங்கட்டும். இதை நான் மனதார விரும்புகிறேன். யாராவது செய்வார்கள் என்றால் கவுண்டரில் உட்கார்ந்து சம்பளமில்லாமல் எண்ணிக் கொடுக்கவும் தயார்.

அண்ணன் மகள் ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தத் தாள் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. சென்ற ஞாயிறு மேல்வீட்டுப் பெண் பால் வாங்க வந்தாள். அவளும் அவள் கணவரும் ஒரு பீன்ஸ் தோட்டத்தில் பாடுபடுகிறவர்கள், படகர்கள். யூரோ நோட்டைக் கொடுத்தேன். நான் செய்த அதே காரியத்தைச் செய்தாள்: முதலில் ஓரத்தைத் தேய்த்தாள், பிறகு ஜன்னலில் தூக்கிப் பிடித்தாள். பிறகு இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி எதையோ தேடினாள்.

"என்னம்மா தேடுகிறாய்?"

"நம் நோட்டில் பின்னால் எல்லா பாஷையிலும் எழுதியிருக்குமே அக்கா, இதில் இல்லையே."

நம் நோட்டின் மொழிப் பட்டியலில் 15 வரிகள். தமிழ் பதின்மூன்றாவது, சமஸ்கிருதத்துக்கும் தெலுங்குக்கும் நடுவில். மக்கிப்போன நோட்டில்கூட அந்த வரி இருக்குமிடம் எனக்குக் கண்ணைக் கட்டினாலும் தெரியும். ஆனால் அந்தப் பட்டியலில் அவளுடைய படக மொழி எந்த வரியிலும் இல்லை என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. தோடர் மொழி இல்லை, கோத்தர் மொழி இல்லை, குறும்பரும் இருளரும் பணியரும் பேசுவது இல்லை. இவ்வளவு சின்ன மலையில் இத்தனை மொழிகள்.

எங்கள் பென்சில் நோட்டை எடுத்தேன். வலது ஓரத்தில் பூவேலைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. ஸ்கேல் வைத்து ஏழு கோடு போட்டேன். கீழ்க்கோட்டில் தமிழில் ‘பூஜ்யம்’ என்று எழுதினேன். மேல்கோட்டைக் காட்டி, "இதற்கு உங்கள் பாஷையில் என்ன சொல்வீர்கள், எழுதிக் கொடு" என்று பென்சிலை அவளிடம் நீட்டினேன்.

அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று தன் மொழியில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஒந்து, எரடு, மூரு. மறுபடியும் ஒன்றிலிருந்து பின்னோக்கி வர முயன்று நின்றாள். ஒன்றுக்கு முன்னால் என்ன என்று அவளுக்கு உடனே வரவில்லை.

"எங்கள் மாமியாரைக் கேட்டுக்கொண்டு வருகிறேன் அக்கா" என்று பால் தூக்கை மேசைமேலேயே வைத்துவிட்டு, தாளை மட்டும் எடுத்துக்கொண்டு படியேறினாள். மேலே கதவு திறக்கும் சத்தமும், அவள் உரக்கக் கேட்பதும், அந்தப் பெரியவள் திருப்பி ஏதோ கேட்பதும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தன.